ஓட்டமும் உலையும்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு ஓட்டப் பயிற்சியாளரும் உணவியல் நிபுணரும் சேர்ந்து எழுதிய பதில்கள்

கேள்வி: நானும் என் வீட்டுக்காரரும் வாரத்தில் நாலு நாள் சாயங்காலம் ஓடுகிறோம். 5 கிலோமீட்டரை அவர் 26 நிமிடத்தில் முடித்துவிடுகிறார். எனக்கு 38 நிமிடம் ஆகிறது. அவரோடு சேர்ந்து ஓடினால் எனக்கு மூச்சு முட்டுகிறது. என்னோடு ஓடினால் அவருக்குச் சலிப்பாக இருக்கிறது. என்ன செய்வது?
(வாசகி, தருமபுரி)

பதில்: முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். 26 நிமிடம் என்பது அவர் முழுமூச்சாக ஓடியபோது எடுத்த நேரமாக இருக்கும். கிலோமீட்டருக்கு 5 நிமிடம் 12 விநாடி. அந்த வேகத்தில் தினமும் ஓடினால் கால் தாங்காது. அவருடைய சாதாரண நாள் வேகம் கிலோமீட்டருக்கு 6 நிமிடம் 30 விநாடியை ஒட்டி இருக்க வேண்டும். உங்களுக்கும் இதே கணக்குதான். உங்கள் முழுமூச்சு வேகம் 7 நிமிடம் 36 விநாடி, தினசரி வேகம் 8 நிமிடம் 30 விநாடி வாக்கில் இருந்தால் சரி. ஓடும்போது ஒரு முழு வாக்கியத்தை நடுவில் மூச்சு வாங்காமல் பேச முடிகிறதா என்று பாருங்கள். முடியவில்லை என்றால் அந்த வேகம் உங்களுக்கு அதிகம். கைக்கடிகாரம் காட்டும் எண்ணைவிட இந்தச் சோதனையை நம்பலாம்.

இருவரும் நிதானமாக ஓடினாலும் கிலோமீட்டருக்கு 2 நிமிட வித்தியாசம் இருக்கத்தான் செய்யும். அதைக் குறைக்க மெனக்கெட வேண்டாம். ஒன்றாகக் கிளம்பி ஒன்றாகத் திரும்புவதுதான் உங்களுக்கு வேண்டியது என்றால், தூரத்தை விட்டுவிட்டு நேரத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

அதற்கு எளிய வழி ‘20 நிமிடம் போ, 20 நிமிடம் வா’. இருவரும் வாசலில் ஒன்றாகக் கிளம்புங்கள். அவரவர் வேகத்தில் போய், கடிகாரம் 20 நிமிடம் காட்டியதும் எங்கே இருந்தாலும் அங்கேயே திரும்பிவிடுங்கள். அவர் அப்போது சுமார் 3.1 கிலோமீட்டர் போயிருப்பார், நீங்கள் 2.35. திரும்பும்போது அவருக்கு 700 மீட்டருக்குச் சற்று அதிகமான தூரம் முன்னால் நீங்கள் இருப்பீர்கள். வழி நெடுக அந்த இடைவெளி குறைந்துகொண்டே வந்து, 40-வது நிமிடத்தில் இருவரும் வாசலில் சேர்வீர்கள். இருட்டும் நேரத்தில் உங்கள் பின்னால் தெரிந்த ஆள் ஒருவர் ஓடி வருகிறார் என்பதும் ஒரு வசதி.

இது கெட்டுப்போவது பெரும்பாலும் வேகமாக ஓடுபவரால்தான். போகும்போது உற்சாகத்தில் விரட்டிவிட்டு, திரும்பும்போது நடந்து வருவார். இரண்டு பாதியையும் ஒரே சீராக ஓடினால்தான் கணக்கு நிற்கும். நம் பக்கச் சாலைகளில் மேடும் பள்ளமும் அதிகம். போகும் வழி இறக்கமாக இருந்தால் 19 நிமிடத்திலேயே திரும்பிவிடுங்கள்.

வாரத்தில் ஒரு நாள் மாவட்ட விளையாட்டு அரங்கத்தின் 400 மீட்டர் ஓடுபாதைக்குப் போங்கள். அங்கே இருவருக்கும் வேறு வேறு பயிற்சி, ஆனால் கிளம்பும் கோடு ஒன்று. நீங்கள் ஒரு சுற்றுக்கு 3 நிமிடம் 24 விநாடி என்று நிற்காமல் 6 சுற்று ஓடுங்கள். அவர் உங்களோடு கிளம்பி ஒரு சுற்றை 2 நிமிடத்தில் முடித்துவிட்டு, நீங்கள் கோட்டுக்கு வரும்வரை 84 விநாடி மெதுவாக நடக்கட்டும். நீங்கள் கோட்டைத் தாண்டும்போது அவருடைய அடுத்த சுற்று. அவருக்கு ஆறு 400 மீட்டர் வேகச் சுற்றுகள் கிடைக்கின்றன, அவற்றுக்கு நடுவே சரியான ஓய்வு. உங்களுக்கு 20 நிமிடம் 24 விநாடி தொடர் ஓட்டம். நீங்கள்தான் அவருடைய ஸ்டாப் வாட்ச். வேகமாக ஓடுபவர்களுக்கு முதல் லேனை விடுவது டிராக் மரியாதை. நீங்கள் இரண்டாவது லேனில் ஓடுங்கள். அதில் ஒரு சுற்றுக்கு 7 மீட்டர் கூடுதல், 3 அல்லது 4 விநாடி தள்ளிப்போகும், அவ்வளவுதான்.

மூன்றாவது நாள் இருவரும் தோளோடு தோள் ஓடலாம். வேகத்தை முடிவு செய்ய வேண்டியது நீங்கள், அவர் அல்ல. வேகமானவர் எப்போதும் அரை அடி முன்னால் ஓடுவார், தனக்கே தெரியாமல். நீங்கள் எட்டிப் பிடித்தால் மறுபடியும் அரை அடி முன்னால் போவார். இருபது நிமிடம் இப்படி நடந்தால் நீங்கள் ஓடுவது அவருடைய வேகத்தில்தான். ஆகவே அன்று அவர் உங்கள் தோளுக்கு அரை அடி பின்னால் வர வேண்டும். சொல்லிப் பாருங்கள். முதல் நாள் சிரிப்பார், இரண்டாவது நாள் பழகிவிடும்.

நான்காவது நாளைப் பற்றி, கீழே சமையல் கேள்வியில் சொல்கிறோம்.

கேள்வி: தம்பியோடு மெதுவாக ஓடும் நாட்களில் எனக்கு முழங்காலும் கணுக்கால் முன்புறமும் வலிக்கின்றன. வேகமாக ஓடும்போது வலி இல்லை. மெதுவாக ஓடினால் என் வேகமும் குறைந்துவிடுமா?
(வாசகர், ஓசூர்)

பதில்: வேகத்தைக் குறைக்கும்போது காலடி நீளத்தைக் குறைக்காமல், அடிகளின் எண்ணிக்கையை மட்டும் குறைத்துவிடுகிறீர்கள் என்று தோன்றுகிறது. அப்போது குதிகால் உடம்புக்கு வெகு முன்னால் விழுந்து, ஒவ்வொரு அடியும் ஒரு பிரேக் போல ஆகிவிடும். அந்த அதிர்வு முழங்காலுக்கும் முன்னங்காலுக்கும் போகிறது. அடியைக் குட்டையாக்கி, எண்ணிக்கையைப் பழையபடி வைத்துக்கொள்ளுங்கள். வலது கால் தரையில் படுவதை 30 விநாடி எண்ணுங்கள். 40-லிருந்து 43 வரை வந்தால் நல்லது. 36-க்குக் கீழே போனால் நீட்டி நீட்டி வைக்கிறீர்கள் என்று பொருள். இரண்டு வாரம் இப்படி ஓடியும் எலும்பின் மேல் ஒரே புள்ளியில் அழுத்தினால் வலி இருந்தால், ஓடுவதை நிறுத்திவிட்டு எலும்பு மருத்துவரைப் பாருங்கள்.

வேகம் குறையாது. மூச்சுத் திறனையும் தசையில் ரத்த ஓட்டத்தையும் வளர்ப்பது பெரும்பாலும் நிதான ஓட்டம்தான். தம்பியோடு ஓடும் முதல் 20 நிமிடத்தை உங்கள் உடம்பு சூடேற்றமாக எடுத்துக்கொண்டு, அவர் வீடு திரும்பும்போது நீங்கள் இன்னும் 20 நிமிடம் உங்கள் வேகத்தில் ஓடலாம்.

கேள்வி: ஐந்து மணிக்கு டீயும் போண்டாவும் சாப்பிட்டு, ஆறு மணிக்கு ஓடினால் விலாவில் குத்துகிறது. என் தோழிக்கு அப்படி வருவதில்லை. ஏன்?
(வாசகி, காவேரிப்பட்டணம்)

பதில்: போண்டாதான் காரணமாக இருக்கும். எண்ணெய்ப் பண்டம் வயிற்றை விட்டு இறங்க மூன்று மணி நேரத்துக்கு மேலும் ஆகலாம். வயிறு நிறைந்திருக்கும்போது ஓடினால் பலருக்கு விலாவில் குத்தும். வேகமான ஆளோடு பேசிக்கொண்டே ஓடும்போது மூச்சு மேலோட்டமாகி, குத்தல் அதிகமாகும். குத்த ஆரம்பித்ததும் நடைக்கு மாறி, குத்தும் இடத்தைக் கையால் அழுத்தி, வாயைக் குவித்து மூச்சை முழுதாக வெளியே விடுங்கள். எட்டுப் பத்து மூச்சில் அடங்கும். ஓடுவதற்கு 45 நிமிடம் முன்னால் ஒரு வாழைப்பழம் அல்லது இரண்டு பேரீச்சம்பழம் போதும். போண்டா ஞாயிற்றுக்கிழமைக்கு இருக்கட்டும்.

கேள்வி: ஓடிவிட்டு வீடு சேர ஏழு மணி ஆகிறது. பசியில் சமைக்கப் பொறுமை இல்லாமல், வாரத்தில் மூன்று நாள் கடைப் புரோட்டாவில் முடிகிறது. இரண்டு பேருக்கு, நம் ஊர்ச் சாமான்களை வைத்து, அரை மணி நேரத்தில் சத்தான இரவுச் சாப்பாடு சொல்லுங்கள்.
(வாசகி, பாலக்கோடு)

பதில்: தமிழ்நாட்டில் ராகி அதிகம் விளையும் இடத்தில் இருந்துகொண்டு புரோட்டாவா? சரி, கோபிக்கவில்லை. களி, கொள்ளுக் கடைசல், முட்டை, மோர் என்று வைத்துக்கொள்வோம். அரை மணி நேரம் என்பது அடுப்பு நேரம். வேலையில் பாதியை ஓடக் கிளம்பும் முன்பே முடித்துவிட வேண்டும்.

காலையில் 80 கிராம் கொள்ளைக் கல் பார்த்து, கழுவி, ஊறப் போடுங்கள். சாயங்காலம் ஓடக் கிளம்புவதற்கு அரை மணி முன்னால், ஊறிய கொள்ளை இரண்டு டம்ளர் தண்ணீரோடு குக்கரில் வைத்து 6 விசில் விட்டு, தீயைக் குறைத்து 5 நிமிடம் கழித்து அணைத்துவிடுங்கள். மூடியைத் திறக்காமல் அப்படியே விட்டுக் கிளம்பலாம். அந்தச் சூட்டிலேயே இன்னும் பதமாகும். இந்தக் கட்டத்தில் உப்போ புளியோ தக்காளியோ போடாதீர்கள். புளிப்பு, பயறின் தோலையும் சதையையும் இறுக்கிவிடும். பிறகு எத்தனை விசில் விட்டாலும் பல்லில் கடிபடும். போர் தண்ணீர் உப்பாக, கடினமாக இருக்கும் வீடுகளிலும் இதே தொல்லைதான். அங்கே 2 விசில் கூட்டிக்கொள்ளுங்கள். ஊறப் போட மறந்த நாளில், வெறும் வாணலியில் வாசம் வரும்வரை வறுத்து, மூன்று டம்ளர் தண்ணீரில் 9 விசில்.

மேலே தருமபுரி வாசகிக்குச் சொல்லாமல் விட்ட நான்காவது நாள் இங்கேதான் வருகிறது. அன்று இருவரும் ஒரே 5 கிலோமீட்டரை ஓடுங்கள். நிதான வேகத்திலும் வேகமானவர் சுமார் 10 நிமிடம் முன்னால் வீடு சேர்வார். அவர் ஐந்து நிமிடம் நடந்து, தண்ணீர் குடித்து, கை கால் கழுவியதும் உலை வைக்கட்டும். ஓட்டத்தை நிறுத்திய உடனே அடுப்பு முன்னால் நின்றால், ரத்தம் கால்களில் தேங்கித் தலை சுற்றும். அந்த ஐந்து நிமிட நடை அதற்காகத்தான்.

உலைக்கு இரண்டரை டம்ளர் தண்ணீர், கால் தேக்கரண்டி உப்பு. டம்ளர் என்றால் 200 மில்லி. கொதித்ததும், கழுவிய அரிசி நொய் இரண்டு மேசைக்கரண்டி. நொய் விரலில் நசுங்கும்வரை 8, 10 நிமிடம். மெதுவாக ஓடியவரும் ஐந்து நிமிடம் நடந்து, தண்ணீர் குடித்து, கை கால் கழுவிவிட்டு வரும்போது நொய் வெந்திருக்கும். அவர் வந்ததும் மாவைப் போடலாம். ஒரு டம்ளர் ராகி மாவு, சுமார் 120 கிராம். களி கிளறும் முறையை அடுத்த கேள்வியில் விரிவாகப் பார்ப்போம்.

களி மூடி போட்டு வேகும்போது பக்கத்து அடுப்பில் கடைசல். கடலை எண்ணெய் 2 தேக்கரண்டி, அதில் சீரகம் அரைத் தேக்கரண்டி, மல்லி விதை ஒரு தேக்கரண்டி, வரமிளகாய் 3, பூண்டு 5 பல், சின்ன வெங்காயம் 8, தக்காளி 1. ராயக்கோட்டை, பாலக்கோடு பக்கம் தக்காளிக்குப் பஞ்சம் இல்லை, வேண்டுமானால் இரண்டாகப் போடுங்கள். தக்காளி குழைந்ததும், குக்கரில் இருக்கும் கொள்ளை நீர் வடித்துச் சேர்த்து, உப்பு போட்டு மத்தால் கடையுங்கள். முழுக்க மசிய வேண்டாம். பாதி மசிந்து பாதி முழுசாக இருந்தால்தான் களிக்குப் பிடிமானம். மிக்சி என்றால் இரண்டு சுற்று, அதுவும் விட்டு விட்டு. நிற்காமல் ஓட விட்டால் பசை போலாகி வழுவழுக்கும். வடித்த கொள்ளுத் தண்ணீரைக் கொட்டிவிடாதீர்கள், மறுநாள் ரசத்துக்கு அதுதான் அடிப்படை. குளிர்சாதனப் பெட்டியில் ஒரு நாள் தாங்கும்.

கூடவே நாலு முட்டை அவித்துக்கொள்ளுங்கள், ஆளுக்கு இரண்டு. ஆளுக்கு ஒரு டம்ளர் மோர். கொள்ளில் 9 கிராம், ராகியில் 4, முட்டையில் 12, மோராகும் 100 கிராம் தயிரில் 3 என்று ஆளுக்கு 28 கிராம் புரதம் கிடைக்கும். ஓடிய பிறகு தசை ரிப்பேருக்கு ஒரு வேளையில் 20 முதல் 30 கிராம் போதும். முட்டை சாப்பிடாத வீட்டில் கொள்ளை 120 கிராமாக்கி, ஆளுக்கு 30 கிராம் வறுத்த நிலக்கடலை. கிட்டத்தட்ட அதே கணக்கு வந்துவிடும்.

கொள்ளு தினமும் வேண்டாம் என்றால் பச்சைப்பயறு, அல்லது சீசனில் பச்சை அவரைக் கொட்டை. களிக்குப் பதில் சாமைச் சோறும் ஆகும். ஒரு டம்ளர் சாமையைக் கழுவி 15 நிமிடம் ஊற வைத்து, இரண்டரை டம்ளர் தண்ணீரில் 2 விசில். ஆறினால் விறைத்துக்கொள்ளும், சுடச்சுடச் சாப்பிட வேண்டிய சோறு அது.

கேள்வி: களியில் எப்போதும் கட்டி விழுகிறது. மாமியார் கிளறினால் விழுவதில்லை. என்ன ரகசியம்?
(வாசகி, மத்தூர்)

பதில்: ரகசியம் அவசரப்படாமல் இருப்பதில் இருக்கிறது. காய்ந்த மாவு கொதிநீரைத் தொட்டதும், அதன் வெளிப்புறம் உடனே வெந்து பசைத் தோலாக மாறிவிடும். உள்ளே இருக்கும் மாவுக்குத் தண்ணீர் போக வழி இருக்காது. அந்த நேரத்தில் கரண்டியால் கிண்டினால், தோல் போர்த்திய மாவு உருண்டைகள்தான் கிடைக்கும்.

ஆகவே இரண்டு காரியம். முதலாவது, மொத்த மாவில் ஒரு மேசைக்கரண்டியை எடுத்துப் பச்சைத் தண்ணீரில் கரைத்து, நொய் வெந்த உலையில் ஊற்றிக் கலக்குங்கள். உலை கூழ் போல ஆகும். அதன்மேல் விழும் மாவு சட்டென்று தோல் கட்டாது. இரண்டாவது, மீதி மாவை நடுவில் குன்று போலக் கொட்டி, கிளறாமல் விடுங்கள். களி கிளறும் கட்டையின் காம்பால் குன்றின் நடுவே அடிவரை ஒரு துளை போடுங்கள். அந்தத் துளை வழியாகக் கொதிநீரும் ஆவியும் மேலேறி மாவை உள்ளிருந்தே வேக வைக்கும். மூடி, சிறு தீயில் 5 நிமிடம். மாவின் மேற்புறம் ஈரமாகி நிறம் கருத்ததும் அடுப்பை அணைத்து, பாத்திரத்தை இடுக்கியால் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, கட்டையைப் பாத்திரத்தின் சுவரோடு அழுத்தி அழுத்திக் கிளறுங்கள். சுற்றிக் கிண்டுவதைவிட அழுத்துவதுதான் வேலை. இரண்டு நிமிடத்தில் ஒன்று சேரும். பிறகு மேலே கையால் தண்ணீர் தெளித்து, மூடி, இன்னும் 3 நிமிடம் சிறு தீயில் வைத்து இறக்குங்கள். விரலை நனைத்துக்கொண்டு தொட்டால் ஒட்டக் கூடாது. ஒட்டினால் இன்னும் வேகவில்லை.

இறுகிவிட்டதா? கொதிநீரை ஒரு கரண்டி தெளித்துக் கிளறுங்கள். பச்சைத் தண்ணீர் ஊற்றினால் வெளியே கூழும் உள்ளே கல்லுமாக நிற்கும். தளர்ந்துவிட்டதா? காய்ந்த மாவைத் தூவவே தூவாதீர்கள், அதுதான் கட்டிக்கு இரண்டாவது காரணம். மூடியைத் திறந்து சிறு தீயில் நாலு நிமிடம் கிளறுங்கள். ஆற ஆறத் தானாகவே கெட்டியாகும்.

இரண்டு பேர் இருந்தால் இந்த வேலை பாதி. ஒருவர் பாத்திரத்தைப் பிடிக்க, மற்றவர் கிளறலாம். ஓடி முடித்த கால்கள் ஓய்வெடுக்கும், தோளுக்கு அன்றைய பயிற்சி ஆகிவிடும்.

கேள்வி: நானும் என் மச்சானும் ஒன்றாக ஓடி, ஒன்றாகச் சாப்பிடுகிறோம். அவர் எடை 72 கிலோ, இளைக்கவில்லை. நான் 58 கிலோ, எனக்கு எடை ஏறுகிறது. சாப்பாடு இருவருக்கும் ஒன்றுதான்.
(வாசகர், பர்கூர்)

பதில்: சாப்பாடு ஒன்றாக இருக்கலாம், தட்டு ஒன்றாக இருக்கக் கூடாது. ஓட்டத்தில் செலவாகும் சக்தி, தோராயமாக ஒரு கிலோ எடைக்கு, ஒரு கிலோமீட்டருக்கு ஒரு கிலோ கலோரி. 40 நிமிட ஓட்டத்தில் அவர் 6.1 கிலோமீட்டர் போனால் ஏறக்குறைய 440. நீங்கள் 4.7 போனால் 270. வித்தியாசம் 170. அதாவது ஏறக்குறைய முக்கால் பங்கு களி உருண்டை. மேலே சொன்ன அளவுக்கு ஓர் உருண்டையில் 60 கிராம் ராகியும் கொஞ்சம் நொய்யும் இருக்கின்றன. அவருக்கு ஒன்றேகால், உங்களுக்கு அரை என்று உருட்டிக்கொள்ளுங்கள். கடைசலும் கீரையும் முட்டையும் சரிபாதி. குறைப்பது மாவிலும் எண்ணெயிலும்தான், புரதத்தில் கை வைக்காதீர்கள்.

அவர் இளைக்கவில்லை என்கிறீர்கள். ஓடியதற்குப் பரிசாக ராத்திரி பத்து மணிக்கு மிக்சர் பாக்கெட் எதுவும் திறக்கப்படுகிறதா என்று ஒரு வாரம் கவனியுங்கள். கைப்பிடி மிக்சர் 50 கிராமே 250 கலோரிக்கு மேல்.

கேள்வி: கீரையைக் குக்கரில் வைத்தால் பழுப்பாகிறது. ஓடுபவர்களுக்கு இரும்புச்சத்து வேண்டும் என்கிறார்கள், கீரை போதுமா?
(வாசகி, அரூர்)

பதில்: மூடிய பாத்திரத்தில், கீரையிலிருந்து வெளிவரும் புளிப்பு ஆவியாக வெளியேற வழியில்லாமல் அங்கேயே தங்கி, பச்சை நிறமியை மாற்றிவிடுகிறது. நிறம் பழுப்பாவது அதனால்தான். திறந்த சட்டியில், அரை டம்ளர் தண்ணீர் கொதித்த பிறகு கீரையைப் போட்டு 6 நிமிடம் போதும். ஒரு கட்டு அரைக்கீரை அல்லது சிறுகீரை, பூண்டு 6 பல், பச்சை மிளகாய் 3, சின்ன வெங்காயம் 6. உப்பைக் கடைசியில் போடுங்கள். போடும்போது மலை போல இருக்கும் கீரை, வெந்தால் ஒரு கைப்பிடி. முதலில் கண்ணளவில் உப்பு போட்டவர்கள் எல்லாம் கரித்துப்போய்த்தான் சாப்பிட்டிருக்கிறார்கள்.

கீரை, ராகி, கொள்ளு எல்லாவற்றிலும் இரும்பு உண்டு. ஆனால் அவற்றில் இருக்கும் வேறு சில பொருட்கள் அதை உடம்பு எடுக்க விடாமல் பிடித்துக்கொள்ளும். இறக்கியதும் அரை எலுமிச்சை பிழிந்தால், அல்லது தட்டில் ஒரு நெல்லிக்காய் வைத்தால், வைட்டமின் சி இரும்பை இன்னும் நன்றாக உறிஞ்ச உதவும். அதியமான் நாட்டில் நெல்லிக்காயைப் பற்றி நாங்கள் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சாப்பிட்ட கையோடு டீ குடிப்பதை ஒரு மணி நேரம் தள்ளிப்போடுங்கள், டீ இரும்பைப் பிடித்துக்கொள்ளும். மாதவிலக்கில் ரத்தப்போக்கு அதிகம் உள்ள பெண்கள், ஓடும்போது வழக்கத்துக்கு மீறிக் களைத்தால், கீரையை நம்பி உட்காராமல் ஹீமோகுளோபின் சோதனை செய்துகொள்ள வேண்டும்.

கேள்வி: ஓடிய பிறகு எவ்வளவு தண்ணீர் குடிக்க வேண்டும்? எங்கள் வீட்டில் போர் தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கிறோம்.
(வாசகர், பென்னாகரம்)

பதில்: ஓடும் முன்னும் பின்னும், வியர்வை துடைத்து, ஒரே உடையில் எடை பாருங்கள். அரை கிலோ குறைந்தால் அரை லிட்டர் வியர்த்திருக்கிறது. அதைவிடக் கொஞ்சம் கூடுதலாக, முக்கால் லிட்டர் அளவு, இரண்டு மணி நேரத்தில் பிரித்துக் குடியுங்கள். உங்களோடு ஓடுபவருக்கு வேறு அளவு இருக்கும். வேகமாக ஓடுபவர் பொதுவாக அதிகம் வியர்ப்பார். உப்பு போட்ட மோர் ஒரு டம்ளர் இருந்தால் சாதாரண நாளுக்கு வேறு உப்பு நீர் தேவையில்லை. எடை ஏறும் அளவுக்குத் தண்ணீர் குடிப்பதும் ஆபத்துதான். சித்திரை, வைகாசியில் ஆறு மணிக்கும் தரை கொதிக்கும். அதே வேகத்துக்கு இதயம் கூடுதலாகத் துடிக்கும். அந்த மாதங்களில் கடிகாரத்தை மறந்துவிட்டு, மேலே சொன்ன பேச்சுச் சோதனையை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். முடிந்தால் விடியற்காலைக்கு மாறுங்கள்.

காய்ச்சுவது கிருமிக்குத்தான். நம் இரு மாவட்டங்களிலும் பல இடங்களில் நிலத்தடி நீரில் புளோரைடு அதிகம். காய்ச்சினால் அது போகாது. தண்ணீர் ஆவியாகச் சுண்டுவதால் செறிவு கூடத்தான் செய்யும். 2013-ல் தொடங்கி வைக்கப்பட்ட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் இதற்காகவே வந்தது. குடிக்க மட்டுமல்ல, களி உலைக்கும் அந்தத் தண்ணீரையே வையுங்கள். போர் தண்ணீர் பாத்திரம் கழுவ இருக்கட்டும்.

கேள்வி: மாம்பழ சீசனில் ஓடி முடித்ததும் மாம்பழம் சாப்பிடலாமா?
(வாசகர், கிருஷ்ணகிரி)

பதில்: கிருஷ்ணகிரிக்காரரிடம் வேண்டாம் என்று சொல்லி யார் வாங்கிக் கட்டிக்கொள்வது? சாப்பிடுங்கள். 100 கிராம் சதையில் 60 கலோரி, 15 கிராம் மாவுச்சத்து. ஓடி முடித்த அரை மணிக்குள் சாப்பிட்டால் தசைக்குப் போகும். ஒரு சின்னப் பழம் சாப்பிட்ட நாளில் களியைக் கால் பங்கு குறையுங்கள். சர்க்கரை நோய் இருந்தால், உங்கள் மருத்துவர் சொன்ன அளவுதான், ஓடியதால் விதி மாறாது.

கேள்வி: எனக்கு 47 வயது, ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறேன். கல்லூரியில் படிக்கும் மகனோடு ஓட ஆசை.
(வாசகர், ஊத்தங்கரை)

பதில்: முதலில் மருத்துவரிடம் இ.சி.ஜி. பார்த்து அனுமதி வாங்குங்கள். எந்த மாத்திரை என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். சில மாத்திரைகள் இதயத் துடிப்பைத் தாழ்த்தி வைக்கும். அவற்றைச் சாப்பிடுபவர்கள் கடிகாரம் காட்டும் துடிப்பை வைத்து வேகத்தை முடிவு செய்ய முடியாது. பிறகு ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை, பத்து தடவை. மகன் உங்களோடு ஒரு நிமிடம் ஓடிவிட்டு, நீங்கள் நடக்கும் இரண்டு நிமிடத்தில் முன்னால் ஓடிப்போய்த் திரும்பி உங்களிடமே வரட்டும். அவருக்கு முப்பது நிமிடமும் ஓட்டம், உங்களுக்குப் பத்து நிமிடம். நெஞ்சில் அழுத்தம், தாடைக்கோ இடது கைக்கோ பரவும் வலி, கண் இருட்டுதல் இவற்றில் எது வந்தாலும் உடனே நின்று 108-ஐ அழையுங்கள். ‘வீடு வரை நடந்துவிடலாம்’ என்று பார்க்க வேண்டாம்.

கேள்வி: இருட்டிய பிறகு தேசிய நெடுஞ்சாலை ஓரம் ஓடலாமா? நாய்த் தொல்லையும் இருக்கிறது. அவர் முன்னால் போய்விடுவதால் நான் தனியாக மாட்டிக்கொள்கிறேன்.
(வாசகி, சூளகிரி)

பதில்: நெடுஞ்சாலை ஓரம் வேண்டாம், சர்வீஸ் சாலையும் வேண்டாம். எதிர்த் திசையில் வரும் இருசக்கர வாகனங்கள் அங்கே சகஜம். ஊருக்குள் விளக்கு உள்ள ஒரு கிலோமீட்டர் வளையத்தைத் தேர்ந்தெடுத்துச் சுற்றுங்கள். வளையத்தில் அவர் உங்களை 700 மீட்டர் தூரத்தில் விட்டுப்போக வாய்ப்பே இல்லை. சுற்றி வந்து உங்களைத் தாண்டித்தான் ஆக வேண்டும். வண்டிகள் வரும் திசையைப் பார்த்து, வலது ஓரமாக ஓடுங்கள். வெளிச்சம் பட்டால் மின்னும் பட்டை தைத்த மேலாடை இருவருக்கும் வேண்டும்.

நாய் துரத்தினால் ஓட்டத்தை நிறுத்திவிட்டு நடங்கள். ஓடும் காலைத்தான் அது துரத்துகிறது. கண்ணோடு கண் பார்க்காமல், முதுகைக் காட்டாமல், மெல்லப் பின்வாங்குங்கள். கடித்தாலோ நகம் பட்டு ரத்தம் கசிந்தாலோ, சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு எதையும் அப்பாதீர்கள். அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போய் முதல் தடுப்பூசியைப் போட்டுக்கொள்ள வேண்டும், மீதி ஊசிகளைச் சொன்ன தேதியில் விடாமல் போட வேண்டும். அன்று இரவு களியை அவர் கிளறட்டும்.